பரிபூரணம் அம்மாளின் ஏழாம் நாள்

தேரிக்காட்டுச் செம்மணல் முடிந்து பனங்காடு தொடங்கும் இடத்தில் சாலேம்புதூர் என்று ஓர் ஊர். நூறு வீடு, ஒரு கிணறு, ஓலை வேய்ந்த ஒரு வேதக்கோவில். அந்த ஊரில் பிணம் குளிப்பாட்டிப் பிழைத்தவர் பரிபூரணம் அம்மாள். பிழைத்தார் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் மிகைதான். செத்த வீட்டார் மனமுவந்து கொடுத்தால் ஒரு படி கம்பு; கொடுக்காவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அவர் வாய் திறந்து கேட்டதாக யாருக்கும் நினைவில்லை.

அவர் குளிப்பாட்டும் விதம் தனி. வெந்நீரை முதலில் தம் முழங்கையில் ஊற்றிப் பார்ப்பார். கைக்குழந்தைக்குப் பார்ப்பதுபோல அவ்வளவு பதம் பார்ப்பார். "செத்தவளுக்குச் சூடு தெரியுமாக்கும்?" என்று யாராவது கேலி செய்தால், "எனக்குத் தெரியுமுல்லா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். சிக்கெடுத்துத் தலைவாரி, தாடையைக் கட்டி, துணி உடுத்தி, கடைசியாகப் பிணத்தின் நெற்றியில் கையை வைத்து ஆண்டவரிடம் ஆளை அறிமுகம் செய்வார்.

"ஆண்டவரே, இவ மிக்கேல் மவ. வெத்தல போடுவா. கொஞ்சம் வாயாடி. மத்தபடி நல்லவ. உம்மகிட்ட வாரா, பாத்துக்கிடும்."

இதுதான் அவருடைய ஜெபம். எழுதப் படிக்கத் தெரியாது. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் புருஷன் பேதியில் போனபோது, நோய்க்குப் பயந்து ஊரில் ஒருவரும் வாசல்படி ஏறவில்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணாகத் தனியே நின்று அவரைக் குளிப்பாட்டியவர், அதன்பிறகு இந்த ஊரில் யாரும் கழுவப்படாமல் மண்ணுக்குள் போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார். அந்த முடிவுக்குச் சாட்சி அவரும் ஆண்டவரும் மட்டுமே.

அவருக்கும் ஓர் ஆசை உண்டு. மாதம் ஒருமுறை கோவிலில் திருவிருந்து நடக்கும். முந்தின நாள் முழுக்க உபவாசமிருந்து, கைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, நகக்கண் சிவக்கும்வரை கழுவிக்கொண்டு போவார். ஏந்திய உள்ளங்கையில் ஒரு துணுக்கு அப்பம் விழும். அந்தத் துணுக்குக்காகவே மற்ற நாட்களை அவர் கடத்தினார் என்றால் அது பொய்யில்லை.

இப்படி இருந்த ஊருக்குத்தான் மனாசே உபதேசியார் வந்து சேர்ந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய் சொல்லமாட்டார், பிறர் பொருளுக்கு ஆசைப்படமாட்டார், மூன்று மணி நேரம் முழங்காலில் நிற்பார். கெட்டவராக இருந்திருந்தால் ஊர் தப்பித்திருக்கும். வேதத்தை முதல் ஏட்டிலிருந்து படித்துக்கொண்டு வந்தவர், மோசேயின் கட்டளைகளில் வந்து நின்றுவிட்டார். அங்கிருந்து அவர் நகரவேயில்லை.

"கர்த்தர் ஒரு தரம் சொன்னத எப்ப மாத்துனாரு?" என்று பிரசங்கத்தில் கேட்டார். "ஒரு எழுத்துக்கூட ஒழிஞ்சுபோவாதுன்னு அவரு குமாரனே சொல்லலியா? பின்ன நீங்க யாரு, எனக்கு இது வேணும், அது வேண்டாம்னு பொறுக்குறதுக்கு?"

பெரிய ஊரிலிருந்து வயதான குருவானவர் ஒருவர் வந்து, புறஜாதியாராயிருந்து விசுவாசித்தவர்கள் மீது அந்த நுகத்தைச் சுமத்த வேண்டாமென்று அப்போஸ்தலர்களே தீர்மானித்துவிட்டார்கள், சிலுவையில் எல்லாம் நிறைவேறிற்று என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். "நுகத்த எறிஞ்ச மாடு எந்த வயலுக்கு ஆவும்?" என்று மனாசே உபதேசியார் திருப்பிக் கேட்டார். கூட்டம் சொக்கிப்போயிற்று. குருவானவர் வண்டியேறிப் போனார். சபை தனிச்சபை ஆயிற்று.

சனிக்கிழமை ஓய்வுநாள் ஆனது. பன்றிகள் போயின. நண்டும் இறாலும் செதிள் இல்லாத மீனும் அடுப்படியை விட்டுப் போயின. பழகின நாக்குகள் கொஞ்ச நாள் தவித்து அடங்கின. விருத்தசேதனம் என்ற பேச்சு எழுந்தபோது மட்டும் ஆண்பிள்ளைகள், "அடுத்த மாசம் பாப்போம் ஐயா" என்றார்கள். அந்த அடுத்த மாதம் சாலேம்புதூருக்கு இன்றுவரை வரவில்லை.

பிணத்தைத் தொட்டவர் ஏழு நாள் தீட்டு என்ற கட்டளை மட்டும் உடனே அமலுக்கு வந்தது. தீட்டுப்பட்டவர் ஏழாம் நாள் குளித்துச் சுத்தமாகும்வரை கோவிலுக்குள் வரக் கூடாது, மேசையை நெருங்கக் கூடாது. அவரைத் தொட்டவருக்கும் அன்று சாயங்காலம்வரை தீட்டு.

முதலில் செத்தது அருமைநாயகத்தின் தாய். தோட்டமும் கிணறும் உள்ளவர் அருமைநாயகம், சபையில் மூப்பர். தாய் உள்ளே கிடக்க, மகன் முற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நாளைக்குத் திருவிருந்து இருக்கு. எங்கம்மையத் தொட்டா ஏழு நாளுல்லா?" என்றார். சொல்லும்போது அழுதார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அழுதுகொண்டேதான் தொடாமல் நின்றார்.

பரிபூரணம் அம்மாள் வெந்நீர்ப் பானையோடு உள்ளே போனார். மறுநாள் அப்பம் அவருக்கு இல்லை. ஏழு நாள்தானே என்று வெளியே நின்றார். ஐந்தாம் நாள் இன்னொருவர் செத்தார். மறுபடி முதல் நாள். அதுவரை தாய் தகப்பனைத் தாங்களே குளிப்பாட்டிக்கொண்டிருந்த வீடுகள்கூட இப்போது அவருக்கே ஆள் அனுப்பின. ஊரே பரிசுத்தமாக இருப்பதற்காக ஊர்ச் சாவு முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். பிறகு தீட்டுக்காரி என்று அவரைக் கண்டு விலகினார்கள். கிணற்றில் அவர் வாளி போடக் கூடாது. யாராவது இரங்கித் தூரத்திலிருந்து ஊற்றினால்தான் தண்ணீர். எதிரே வந்தால் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

இப்படி மூன்று வருஷம். ஊரில் சாவில்லாத வாரம் சுற்றூர்களிலிருந்தும் ஆள் வந்தது; ஏழாம் நாள் என்பதை அவர் ஒருதரம்கூடக் காணவில்லை. திருவிருந்துதோறும் கோவில் முற்றத்துக்கு வெளியே நின்று, உள்ளே அப்பம் பிட்கும் வார்த்தைகள் கேட்கும்போது தம் வெறுங்கையை ஏந்திக்கொண்டு நிற்பார். எல்லோரும் ஆமென் சொன்னதும் கையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

செல்லத்தங்கம் என்று ஒரு பெண், அப்போது நிறைமாதம். வேலிக்கு அப்பால் நின்று ஒருநாள் சொன்னாள்: "சித்தி, ஒரே ஒரு தரம் முடியாதுன்னு சொல்லிப்போடுங்க. ஏழு நாளு ஓடிரும். நீங்களும் மனுஷிதான?"

அம்மையாருக்கு அந்தச் சொல் உள்ளே தைத்துவிட்டது. ஆசை யாரை விட்டது? அடுத்த சாவு முடிந்ததும் நாட்களை எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாம் நாள் காலையில் கைகளைச் சாம்பல் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார். நாளை ஏழாம் நாள்; நாளைதான் திருவிருந்தும். அப்போது ஆள் வந்தது. செல்லத்தங்கத்துக்குப் பிறந்து ஒன்பது நாளான பிள்ளை செத்துப்போயிற்று.

"மேலுக்குச் சரியில்லன்னு சொல்லு" என்றார் பரிபூரணம் அம்மாள். கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் வாழ்நாளில் சொன்ன பொய் அது ஒன்றுதான். வெயில் ஏறிற்று. செல்லத்தங்கத்தின் அலறல் மூன்று தெரு தாண்டி வந்தது. அங்கே, இளவெயில் காட்ட முற்றத்தில் முறத்தில் கிடத்தியிருந்த பிள்ளை அதிலேயே செத்துக் கிடக்க, ஊர் சுற்றி நிற்கிறது. பெற்றவளை நான்கு பெண்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவளும் தீட்டுப்பட்டுவிடக் கூடாதாம். முறத்தில் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. "எறும்பு! எறும்பு!" என்றுதான் அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

சாத்திய கதவு திறந்தது. பரிபூரணம் அம்மாள் ஓடினார். எறும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக் குளிப்பாட்டினார். "ஆண்டவரே, இதுக்கு இன்னும் பேரு வைக்கல. நான் கதவச் சாத்துனவ. என்ன மன்னிச்சு இதச் சேத்துக்கிடும்" என்றார். மறுநாள் மறுபடி வெளியே வெறுங்கையோடு நின்றார். அன்றைக்குத்தான் அவர் கண்ணில் தண்ணீர் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

அந்த வருஷமே உபதேசியார் வேதத்தில் இன்னொன்று கண்டார். ஏழு நாள் வெளியே நின்றால் மட்டும் தீட்டு தீராது. பழுதில்லாத, ஒருநாளும் நுகத்தில் பூட்டாத சிவப்புக் கிடாரிப் பசுவை ஊருக்கு வெளியே எரித்து, அந்தச் சாம்பல் கலந்த தண்ணீரை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தெளிக்க வேண்டும். ஊர் வெலவெலத்துப் போயிற்று. அப்படியானால் இத்தனை நாள் எல்லோருமே தீட்டா? சிவப்புக் கிடாரிக்கு எங்கே போவது?

போக வேண்டியிருக்கவில்லை. பரிபூரணம் அம்மாளின் தொழுவத்தில் ஒன்று நின்றது. தாய்ப்பசு செத்த கன்றைக் கஞ்சித்தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தார். பெயர் செவத்தி. உலகத்தில் அவரைக் கண்டு ஒதுங்காமல், கிட்ட வந்து கையை நக்கின உயிர் அது ஒன்றே.

உபதேசியார் பத்தடி தள்ளி நின்று செவத்தியைக் கேட்டார். "சாம்பல் கிடைச்சதும் மொதத் தெளிப்பு ஒனக்குத்தான், பரிபூரணம். நானே ஒன்ன மேசைக்குக் கூட்டிட்டுப் போறேன். இது என் வாக்கு."

"அப்பம் கிடைக்குமா ஐயா?"

"கிடைக்கும்."

அம்மையார் செவத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு கயிற்றைப் பிடித்துத் தாமே நடத்திக்கொண்டு போனார்.

தேரியில் கட்டை அடுக்கினார்கள். தீயில் போட வேதம் சொன்ன கேதுரு மரத்துக்குப் பதில் மருந்துக்கடைத் தேவதாரு வந்தது. ஈசோப்பு என்றால் என்ன செடி என்று ஒரு சண்டை நடந்தது. துளசி என்றார் ஒருவர், அது மற்றவர்கள் கும்பிடுவது என்று விலக்கி, தும்பையில் முடித்தார்கள். சிவப்பு நூல் ஒரு சேலை முந்தியில் உருவியது. கட்டளையைக் கைக்கொள்வதென்றால் சும்மாவா! உபதேசியார் செவத்தியை அறுத்தார். தீ வைக்கும் நேரத்தில்தான் ஒரு சிக்கல்: எரிக்கிறவனும் சாயங்காலம்வரை தீட்டு. ஒருவரும் முன்வரவில்லை.

"சுத்தமா இருக்கிறவன எதுக்குத் தீட்டாக்கணும்?" என்றார் உபதேசியார். "நீ ஏற்கெனவே தீட்டுதான பரிபூரணம். நீயே கொளுத்து."

அவரே கொளுத்தினார். தோலும் இறைச்சியும் சாணமும் எதுவும் மிஞ்சாமல் எரியவேண்டும் என்று விதி. ஆகவே வெளியே சரிந்த காலையும் தலையையும் கம்பால் உள்ளே தள்ளித் தள்ளி எரித்தார். "ஆண்டவரே, இது செவத்தி. யாரையும் முட்டுனதில்ல. உம்மகிட்ட வருது" என்று அவர் சொன்னபோது, புகை வராத மேல்காற்றுப் பக்கம் பார்த்து நின்றிருந்த சபையார் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

தெளிப்பு மூன்றாம் நாள் என்று குறித்தார்கள். இரண்டாம் நாள் அருமைநாயகம் உபதேசியார் முன்னே வந்து நின்றார். போன கோடையில் அவருடைய காளை ஒன்று நொண்டிவிட்டதாம். பரிபூரணம் அம்மாள் வெளியூர்ச் சாவுக்குப் போயிருந்த ஒரு முற்பகல், கேட்காமல் கொள்ளாமல் செவத்தியை அவிழ்த்துக்கொண்டு போய்க் கமலையில் பூட்டித் தண்ணீர் இறைத்தாராம். வெட்கத்தில் சொல்லவில்லை. எரிந்து முடிந்த பிறகு தெய்வபயம் பிடித்து ஆட்ட, வந்து சொல்லிவிட்டார்.

நுகம் ஏறின கிடாரி. சாம்பல் செல்லாது. அள்ளித் தேரியில் கொட்டினார்கள்.

"ஒன் தொழுவத்து மாடு. பூட்டுனது ஒனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" என்று உபதேசியார் அம்மையாரைக் கேட்டார்.

"கழுத்துல தடம் கண்டேன் ஐயா. கயிறு இறுகிட்டோன்னு எண்ண போட்டுவிட்டேன்."

"கண்டும் சொல்லல. பழுதுள்ளதக் கர்த்தருக்குக் குடுத்திருக்க."

கேட்காமல் பூட்டினவர் பாவத்தை அறிக்கையிட்டுவிட்டதால் அவருக்கு மன்னிப்பு. எண்ணெய் போட்டவருக்குத் தண்டனை: இனிக் கோவில் முற்றத்தின் அருகிலும் நிற்கக் கூடாது. அருமைநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "போனது போச்சு. நீரு மனசுல வச்சிக்கிடாதயும்" என்றார் அம்மையார். அவரும் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த திருவிருந்தில் வழக்கம்போல அப்பம் வாங்கினார்.

"ஒனக்கு இன்னுமா அந்தச் சாமி?" என்று வெளியூர்க்காரி ஒருத்தி கேட்டபோது, பரிபூரணம் அம்மாள் சொன்ன பதில் இது: "கட்டள அவரு போட்டதுதான். நான் அத மீறுறதும் அவருக்காகத்தான். ரெண்டையும் அவரு பாத்துக்கிட்டுதான் இருக்காரு. நான் எதுக்கு நடுவுல நின்னு பேசணும்?"

ஐப்பசியில் அவரைக் காய்ச்சல் பிடித்தது. தொட்டால் தீட்டு என்று ஊர் தண்ணீர்ப் பானையை வாசலுக்கு வெளியே பத்தடியில் வைத்துவிட்டுப் போயிற்று. இரண்டு நாள் தவழ்ந்து வந்து குடித்தார். மூன்றாம் நாள் பானை வைத்தபடி இருந்தது. செல்லத்தங்கம் வேலியில் நின்று, "என்ன வேணும் சித்தி?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ஒரு துணுக்கு அப்பம். நாளைக்குத் திருவிருந்துன்னாங்களே."

செல்லத்தங்கம் உபதேசியாரிடம் ஓடினாள். அவர் ஏட்டை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு, "எனக்கு மட்டும் ஆசையில்லையா? விதிய நானா எழுதுனேன்?" என்று சொல்லி, அப்பம் இருந்த பெட்டியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். செல்லத்தங்கம் வெறுங்கையோடு திரும்பி வந்து வேலியில் நின்று கூப்பிட்டபோது பதில் இல்லை; வாசலில் எட்டிப் பார்த்தபோது பாயில் மூச்சு அசையவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம். சூரியன் விழுந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்குள் அடக்கம் செய்தாக வேண்டும். ஊர் முழுவதும் அவர் வீட்டு வாசலில் நின்றது. ஊரில் பிணம் குளிப்பாட்டுகிறவர் ஒருவர்தான். அவர் உள்ளே செத்துக் கிடக்கிறார். கழுவ வேண்டாம், பாயோடு சுருட்டிக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். யார் கட்டுவது என்று சீட்டுப் போட்டார்கள். சீட்டு அருமைநாயகத்துக்கு விழுந்தது.

கயிற்றை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். போன வேகத்தில் வெளியே வந்தார்.

"யாரு குளிப்பாட்டுனது?" என்றார்.

ஊர் ஒருவர் கையை ஒருவர் பார்த்தது.

"குளிப்பாட்டிக் கிடக்கு வே! தலைமுடி ஈரம் காயல. வாரி, தாட கட்டியிருக்கு. வெந்நிப் பான இன்னும் சுடுது!"

மூன்று நாளாக அந்த அடுப்பில் தீயில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். செல்லத்தங்கம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அம்மையார் அலம்பிய துணி உடுத்துப் பாயில் நேராகக் கிடந்தார். வலது கை மூடியிருந்தது. அவள் அந்தக் கையைத் தொட்டு விரித்தாள். உள்ளங்கையில் புளிப்பில்லாத அப்பம், பாதி.

"நீங்கதான் குடுக்கமாட்டேன்னுட்டீங்களே ஐயா" என்று அவள் வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

உபதேசியார் இடுப்பைத் தடவினார். சாவி இருந்தது. கோவிலுக்குப் போய், எல்லோரும் பார்க்கப் பெட்டியைத் திறந்தார். முழு அப்பமாக வைத்தது பாதியாக இருந்தது.

அருமைநாயகம் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவரைக் கேட்டார்: "பொணத்தத் தொட்டவருக்கு ஏழு நாளு வெளியன்னா, ஐயா, இப்ப ஆண்டவரு எங்க நிப்பாரு?"

மூன்று வருஷமாக எந்தக் கேள்விக்கும் ஏட்டைப் புரட்டி விடை சொன்னவர், அன்றைக்கு ஏட்டை மூடி வைத்தார்.

அன்று பரிபூரணம் அம்மாளை ஊரே தூக்கிற்று. தொட இடமில்லாதவர்கள் தொட்டவர்களின் தோளைத் தொட்டுக்கொண்டு நடந்தார்கள்; குழியருகே இறக்கியபோது அவர்களும் அவர் கையைத் தொட்டார்கள். மறுநாள் மணி அடித்தபோது கோவிலுக்குள் வருவதற்குத் தீட்டில்லாத ஆள் ஒருவரும் இல்லை. உபதேசியார் தனியாக மேசைக்கு முன் நின்றார். பாதி அப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். செல்லத்தங்கம் புது மண்ணருகே உட்கார்ந்திருந்தாள். கல்லறையைத் தொட்டாலும் ஏழு நாள்தான். அவருக்குத் தெரியாத விதி இல்லை. தெரிந்தே குனிந்து, இரண்டு கையையும் அந்த மண்ணில் வைத்தார். எழுந்து, மண் ஒட்டிய கையால் அப்பத்தைப் பிட்டு அவளிடம் நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை. முறத்தில் கிடந்த பிள்ளையை அவள் மறந்திருக்க நியாயமில்லை. வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்து, பிறகு வாங்கிக்கொண்டாள்.

ஊர் தொட மறுத்தவர்களை எல்லாம் தொட்டார். தம்மைத் தொட ஆளில்லாமல் கிடந்தார். அவருக்கு வெந்நீர் பதம் பார்த்து ஊற்ற ஆண்டவரே வந்தார். பரிபூரணம் அம்மாள் பாக்கியவதி. அவரை அப்படி அழைக்கும் தகுதி நமக்கும் கிடைப்பதாக.